சுமதி ஏன் இளநீர் குடிப்பதில்லை

1. வெயிலுக்கு நான் செய்த ஏற்பாடு

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள் அவுட்டோர் என்றாலே எந்த லென்ஸ் என்று கேட்கிறார்கள். வெயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுவேன், என் வாய் அப்படி.

பிலிம் காலத்தில் ரோல் டப்பாக்களைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, மேலே ஈரத்துண்டு போட்டு எடுத்துப்போவோம். நாங்கள் வெந்தாலும் ரோல் வேகக்கூடாது. ஒருமுறை சோமனூர்ப் பக்கம் நானே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் மனிதர்களுக்கும் ஏற்பாடு செய்ய ஆரம்பித்தேன். பெரிய குடை இரண்டு, ஐஸ்பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில், ஒரு கேன் மோர், நனைத்துப் பிழிந்த துண்டுகள். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குள் பேக்கப். வெயிலைச் சமாளிக்க என்னிடம்தான் படிக்க வேண்டும் என்று மற்ற ஸ்டுடியோக்காரர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

சுமதி பன்னிரண்டு வருடமாக என்னோடு வருகிற பியூட்டிஷியன். பொள்ளாச்சிக்காரி. ஆற்றங்கரை, சூரியகாந்திக் காடு, மலையடிவாரம் என்று நாங்கள் போகாத இடமில்லை. வேனில் பாட்டும் சிரிப்புமாகப் போன அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துபோகும். வழியில் இளநீர்க் கடையில் வண்டியை நிறுத்துவது எங்கள் வழக்கம். சுமதி மட்டும் இறங்கவே மாட்டாள்.

"எனக்கு வேண்டாமுங்ண்ணா. இளநி பிடிக்காதுங்க."

"பொள்ளாச்சிக்காரிக்கு இளநி பிடிக்காதுன்னா ஊரே சிரிக்கும் அம்மணி!"

அவளும் சிரிப்பாள். ஒவ்வொரு பயணத்திலும் இந்தக் கேலி உண்டு.

2. ஒரே ஒரு ஷாட்

போன சித்திரையில் சத்தியமங்கலம் பக்கம், பவானிக் கரைப் பாறையில் ஒரு அவுட்டோர். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். மணப்பெண் காவ்யா, மாப்பிள்ளை பிரபு, கூடவே மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர். காவ்யாவுக்குக் கனத்த பட்டுச்சேலை, இடுப்பில் ஒட்டியாணம். அரை மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுத்தனுப்பினேன்.

"குடிச்சீங்களா அம்மணி?"

"குடிச்சனுங்க."

பத்தரை மணிக்கு ஆறு தகதகவென்று மின்னியது. அப்படி ஒரு வெளிச்சம் கிடைப்பது அபூர்வம்.

"அண்ணா, தலை ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றாள் காவ்யா.

"ஒரே ஒரு ஷாட் கண்ணு. அப்பறம் நெழலுக்குப் போயிரலாம்."

நான் போகஸ் செய்து முடிப்பதற்குள் அவள் சாய்ந்துவிட்டாள். பிரபு தாங்கிப் பிடித்ததால் தலை பாறையில் அடிபடவில்லை. புளியமரத்து நிழலுக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தோம். சுமதி ஒட்டியாணத்தைக் கழற்றி, பின்னை உருவி, சேலையைத் தளர்த்தினாள். ஈரத்துண்டுகளைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். பிரபு பதற்றத்தில் வாயில் தண்ணீர் ஊற்றப் போனான்.

"நெனவு வராம ஊத்தாதீங்க! பொரை ஏறிப்போகும்!" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.

முகத்தில் வெளிச்சம் அடிக்கப் பிடிக்கிற ரிப்ளெக்டர் தட்டை எடுத்து நான் விசிறினேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளைப் பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே நினைப்புதான். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். உடனே மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை என்று சொல்லி டிரிப் ஏற்றினார் டாக்டர்.

"ஐஸ்பெட்டி நெறையா தண்ணி வெச்சிருந்தேனே!" என்று வராந்தாவில் நான் புலம்பினேன். என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாத சுமதிக்கு அன்று கோபம் வந்துவிட்டது.

"தண்ணி குடுத்தீங்க, செரி. குடிச்சா எங்கீங்ண்ணா போறது?"

எனக்குப் புரியவில்லை.

"நீங்க ஆம்பளைங்க, வண்டிக்குப் பின்னால போயிப்போட்டு வந்துருவீங்க. இத்தன பின்னு குத்துன சேலையோட அந்தப் புள்ள எங்க போவும்? மாமியார் ஊட்டு ஆளுக வேற சுத்தியும் நிக்கறாங்க. உதட்ட மட்டும் நனச்சுப்போட்டு பாட்டில திருப்பிக் குடுத்திருக்குதுங்க."

"அப்ப நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"நானுங்களா? மொத நாள் பொழுது சாஞ்சதுமே தண்ணிய நிறுத்திப்போடுவனுங்க. ஊட்டுக்குப் போயித்தான் குடிப்பேன்."

"பன்னண்டு வருசமாவா?"

"ஆமாங்ண்ணா."

வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் ஆசையாக நினைத்துப் பார்க்கிற அத்தனை பயணத்திலும் அவள் தொண்டை வறண்டுபோய் உட்கார்ந்திருக்கிறாள். நான் இளநீர்க்கடையில் நின்று கேலி பேசியிருக்கிறேன். காவ்யா சாயங்காலம் எழுந்து நடந்து வந்து, "உங்க ஷாட்டக் கெடுத்துப்போட்டனுங்களாண்ணா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

3. லொகேஷன் பார்க்கப் போனேன்

அடுத்த அவுட்டோருக்கு முந்தின நாளே படம் எடுக்க வேண்டிய தோப்புக்குப் போனேன். பக்கத்துத் தோட்டத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார்.

"ஏனுங்கக்கா, நாளைக்குக் கல்யாணப் பொண்ணுக்கு உங்க பாத்ரூமக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "போட்டோக்காரரு தோப்பப் பாக்க வருவாருன்னு பாத்தா, நீங்க கக்கூசப் பாக்க வந்திருக்கறீங்க! தாராளமா வரச் சொல்லுங்க."

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெளிச்சத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூமைப் பாருங்கள். அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நீங்களே சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிஷமே கேமராவை மூடுங்கள்.

மறுநாள் வேன் கிளம்பும்போதே அந்தத் தோட்டத்து வீட்டு பாத்ரூமைப் பற்றி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வழக்கமான இளநீர்க் கடை வந்தது. பழக்க தோஷம், சுமதியை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் வெட்டச் சொன்னேன். பின்னால் வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்ண்ணா, எனக்குங்க?"

திரும்பிப் பார்த்தேன். சுமதி ரோட்டில் இறங்கி நின்றிருந்தாள்.

"எனக்கு ரெண்டு இளநியா வெட்டச் சொல்லுங்ண்ணா" என்றாள்.