ஆள் தேடிய சலுகை

மயிலாப்பூரில் ஒரு கல்வி அலுவலக வாசலில் சில காலம் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். பல ஊர் சுற்றி, பிளாட்பாரங்களில் படுத்து, கையெழுத்து அழகாக இருக்கிறதென்று யாரோ சொன்னதால் அங்கே உட்கார்ந்தேன். ‘தாய்மொழி’ என்ற கட்டம் வந்தால் கேட்கவே மாட்டேன். நானே ‘தமிழ்’ என்று போட்டுவிடுவேன்.

ஒரு நாள் கோட்டூர்புரத்து அக்கா ஒருவர் வந்து பாரத்தை என் முன்னால் போட்டார். தெருக் கூட்டும் வேலை அவருக்கு. வீட்டில் பேச்சு தெலுங்கு. நெல்லூரில் மாமா வீட்டில் தெலுங்கிலேயே படித்த மகள் இங்கே பத்தாவது சேர்ந்திருந்தாள். தமிழ் எழுத வராது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் மொழித்தாளைத் தாய்மொழியில் எழுத அனுமதி கேட்கலாம் என்று சட்டம் இருந்ததால், போன வாரம் நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். அது திரும்பி வந்திருந்தது.

“இன்னா நைனா, தாய்மொழி தமிழ்னு எழுதிக்கீறே? தமிழ்க்காரிக்கு இன்னாத்துக்கு தெலுங்கு பரிச்சைன்னு கேக்குறாங்கோ. பொண்ணு ஃபெயிலானா அவ கையிலயும் தொடப்பந்தான். நீயே வந்து பர்மிசன் வாங்கிக் குடு!”

தாய்மொழி தெலுங்கு என்று புதிதாக எழுதினேன். திட்டு வாங்க நானும் உள்ளே போனேன். அதிகாரி பாரத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க? இந்தச் சலுகையை எத்தனை பேருக்குக் குடுத்தீங்கன்னு கோர்ட்டுல கேக்கறாங்க, டெல்லியில கேக்கறாங்க. நாங்களும் சைபர் சைபர்னு அனுப்பிட்டிருக்கோம். மானம் போகுது.”

யார் யாரோ போராடித்தான் அந்தச் சட்டம் வந்திருக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று அது அலமாரியை விட்டு இறங்கியது, மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட ஒரு தெலுங்குக்காரி கிடைத்த சந்தோஷத்தில். அந்த சைபரில் பாதி என் கைவண்ணம் என்பதை நான் சொல்லவில்லை.

“உங்க பக்கம் இன்னும் நாலு பேர் இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா.”

“மொதல்ல எம்பொண்ணுக்குக் கையெழுத்து போடு சார். அப்பால தெருவையே கூட்டியாரேன்.”

போட்டார்.

தேர்வன்று அந்த ஒருத்திக்காக ஒரு தனி அறை, ஒரு தெலுங்கு வினாத்தாள், ஒரு கண்காணிப்பாளர். வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்றேன். தெலுங்கில் நீளமாக என்னவோ பொரிந்தாள்.

“கட்டுரை கேள்வி மோசமாம்” என்றார் அக்கா. “ஆனா பாஸ் ஆயிடுவாளாம்.”

ஆனாள்.