கஜபதி மாஸ்டர் எறிந்த பஞ்சுக்கட்டை

கஜபதிக்கு அறுபத்து மூன்று வயது. ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடமாக முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் குஸ்தி சொல்லிக்கொடுக்கிறார். இளவயதில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கோதாவில் சேரப் போனபோது, எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அதனால் அவர் கொட்டகையில் சாமி படமும் கிடையாது, தெரு விசாரணையும் கிடையாது. பெண்கள் கால் வைத்தால் கோதா தீட்டாகிவிடும் என்ற ஒரு பயில்வானிடம், "தீட்டு எத்தினி கிராம் கீது? தராசுல வச்சுக் காட்டு நைனா" என்றார். அந்த ஆள் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

சர்ச் திருவிழாவோ, குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாவோ, எங்கே மேடை போட்டாலும் போய் நிற்பார். அரை மணி நேரம் கேட்டு வாங்கி இரண்டு பேரை மோதவிடுவார். மல்யுத்தம் என்றால் டிவியில் நாற்காலியால் அடித்துக்கொள்வது என்று நினைத்திருந்த கூட்டத்துக்கு மைக்கில் விதிகளை விளக்குவார்.

அப்படி ஒரு சர்ச் மைதானத்தில் பார்த்துவிட்டு வந்தவள்தான் ஸ்டெஃபி. அப்போது பதினொரு வயது. இப்போது பத்தொன்பது முடியப்போகிறது. அம்மா தெரசா, அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டுகிறாள். இந்த வருடம் மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விக் கல்லூரியில் சேரலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். மகளையும் கம்பெனி வேலைக்கு அழைத்து வரச் சொல்லி சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டுவிட்டார். தேர்வுப் போட்டி முடியட்டும் என்று தெரசா தள்ளிப்போட்டிருந்தாள்.

இறுதிச் சுற்றில் ஸ்டெஃபி மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தாள். ஏழு விநாடி மிச்சம். அவள் கால் வட்டத்தைத் தாண்டியதாகச் சொல்லி நடுவர் எதிராளிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். கால் தாண்டவில்லை. கஜபதி கண்ணால் பார்த்தார்.

இப்போது மூன்றுக்கு மூன்று. சமமானால், ஒரே பிடியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி. ஸ்டெஃபி ஒரே பிடியில் இரண்டு எடுத்திருந்தாள். எதிராளிக்கு எல்லாமே ஒவ்வொன்றாக வந்தவை. ஏழு விநாடி தாக்குப்பிடித்தால் போதும். இந்த விதியை எத்தனையோ மேடைகளில் விளக்கியவர் அவர்.

ஆனால் அநியாயத்தைக் கண்டுவிட்டார். தீர்ப்பை எதிர்க்கும் பயிற்சியாளர் ஒரு பஞ்சுக்கட்டையைக் களத்துக்குள் எறிய வேண்டும். ஆடுபவர் கை தூக்கிச் சம்மதித்தால் வீடியோ பார்ப்பார்கள். எதிர்ப்பு தோற்றால் எதிராளிக்கு இன்னொரு புள்ளி. கஜபதி எறிந்தார்.

"வேணாம் மாஸ்டர், சமம்னா நமக்குத்தான்" என்றாள் ஸ்டெஃபி.

"கால் வெளிய போவல. பொய்ய ஒத்துக்காதே."

அவள் கையைத் தூக்கினாள்.

குத்துவிளக்குக்கும் சால்வைக்கும் குறை வைக்காத மல்யுத்தச் சங்கம் ஒரே ஒரு கேமராதான் வைத்திருந்தது. அதில் நடுவரின் முதுகு தெரிந்தது, கால் தெரியவில்லை. தெரியாததால் நடுவர் சொன்னதே சரி என்றார்கள். மூன்றுக்கு நான்கு. மிச்சமிருந்த ஏழு விநாடியில் எதிராளி ஓடியே தப்பித்தாள்.

யாரிடமும் குனியாத கஜபதி, தேர்வுக்குழுத் தலைவர் முன்னால் கைகூப்பி நின்றார். வாழ்நாளில் கோதாவில் கால் வைக்காத அந்த மனிதர் சிரித்தபடி சொன்னார்: "நீங்கதானே எறிஞ்சீங்க? சும்மா உக்காந்திருந்தா உங்க பொண்ணு ஜெயிச்சிருக்குமே." மேல்முறையீட்டுக்கு ஒரு வரியில் பதில் வந்தது: முடிவு இறுதியானது.

அந்தக் காகிதத்தோடு கஜபதி தெரசா வீட்டுக்குப் போனார். கோர்ட்டுக்குப் போகலாம், கால் தாண்டவில்லை என்பது உண்மை என்றார்.

"உண்மைதான் மாஸ்டரே, யாரு இல்லன்னா? கோர்ட்டு சொல்ற வரிக்கும் இவ வயசு நிக்குமா?" என்றாள் தெரசா.

ஸ்டெஃபி அவரைப் பார்த்துக் கேட்டாள்: "நான் வேணாம்னு சொன்னது காதுல உயுந்துச்சா மாஸ்டர்?"

"உயுந்துச்சிம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்தது. அம்மாவுக்குப் பின்னால் அவளும் ஏறினாள்.