அந்தப் பாமசிப் பக்கம்

மனைவிக்குச் சூலகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, கண்டியில் ஒரு பாமசி இருக்கும் பக்கமே நான் நடக்காமல் இருந்தேன். எட்டு வருடம் அவளுக்குக் கருத்தடைக் குளிசை வாங்கிய கடை அது. எங்கள் ஊரான கடுகண்ணாவையில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று, வேலைக்கு வந்த இடத்தில் வாங்கிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோவேன். "ரெண்டு பிள்ளை போதும்" என்று அவளைக் குடிக்க வைத்ததும் நான்தான். அதனால் நோயைக் கொடுத்ததும் நானே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் கிளினிக்கில் அவளே கேட்டாள்.

"டொக்டர், நான் எட்டு வருஷம் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை குடிச்சேன். அதாலயா இது வந்துச்சு? இவருக்காகத்தான் கேக்குறேன்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "இல்லைங்க. அந்தக் குளிசை இந்தப் புற்றுநோய் வர்ற வாய்ப்பைக் குறைக்கத்தான் செய்யும். ஆனா முழுசாத் தடுக்காது."

வெளியே வந்ததும், "நான் அப்படி நினைக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கிளினிக் வர்றப்பல்லாம் அந்தக் கடை கிட்ட வந்ததும் ரோட்டைத் தாண்டுறீங்களே. இன்னைக்கு மருந்த அங்கேயே எடுப்போம், வாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள்.

நோய் அவளுக்கு. இருந்தும் அவள் என்னைத்தான் கவனித்திருக்கிறாள். நான் கவனித்ததெல்லாம் என் குற்ற உணர்வைத்தான்.