சாமைக் காட்டில் கேட்ட வெடிச்சத்தம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசி மாதம். ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம் எங்கள் ஊர். சாமை முற்றி அறுப்புக்கு நின்ற நேரம்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் போலீஸ் ஜீப் மைக் கட்டிக்கொண்டு வந்தது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைக் கோயில் முன்னால் போட்டுவிட்டால் கேஸ் கிடையாது என்றார்கள். என் கணவரும் தன்னுடையதைக் கொண்டுபோய்ப் போட்டார். ஒரே வீட்டில்தான் அவர் தம்பி குடும்பமும் இருந்தது. எங்கள் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் காட்டுப்பன்றிகள் விடவில்லை. கூட்டமாக வந்து பாதிச் சாமையைப் புரட்டிப் போட்டன. பட்டாசு வெடித்தோம், தகரம் தட்டினோம், பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினோம். முறைப்படி துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கலாமே என்று கணவரிடம் சொன்னேன்.

"நமக்கு எவன் குடுப்பான்? குடுக்கறதுக்குள்ள காட்டுல இன்னா மிஞ்சும்?" என்று எழுந்து போய்விட்டார்.

பிறகு யாரிடமோ இன்னொரு துப்பாக்கி வாங்கி, காவல் குடிசைக் கூரையில் செருகியிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் விடியற்காலை நல்ல பனி. கணவர் காவலுக்குப் போயிருந்தார். பன்றி உறுமுவது வீடு வரை கேட்டது. "நீயும் போய் அந்தப் பக்கமா முடுக்கி வுடேன்" என்று என் ஓரகத்தி, அந்தத் தம்பியின் மனைவி, தன் கணவரை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் வெடிச்சத்தம். பட்டாசு என்று நினைத்தோம். அப்புறம்தான் என் கணவரின் அலறல் கேட்டது.

பன்றி கிளறிய இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பனியில் பன்றியென்று நினைத்துச் சுட்டுவிட்டார். நாங்கள் ஓடியபோது தம்பியை மடியில் கிடத்தி, "நீ ஏன்டா இந்தப் பக்கமா வந்த?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் போட்டுக்கொண்டு மலை இறங்கினோம். திருப்பத்தூர் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. ஓரகத்தி அழவில்லை. என்னையே பார்த்து, "துப்பாக்கிதான் வூட்ல இல்லியேன்னு நம்பித்தான்கா அவர அனுப்புனேன்" என்றாள்.

கணவர் தானே போய் ஸ்டேஷனில் நின்றார். இப்போது ஜெயிலில் இருக்கிறார். பார்க்கப் போனால் தலை நிமிர்வதில்லை. நானும் ஓரகத்தியும் அதே வீட்டில் இருக்கிறோம், பேச்சு இல்லை. ஊரில் இன்னும் சிலர் துப்பாக்கியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். பன்றிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் வயிற்றுக்காகத்தான் அவர் அதை வாங்கினார் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்களிடமே அதை மறைத்ததால்தான் ஒரு மனிதர் பயமில்லாமல் அந்தக் காட்டுக்குள் போனார் என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு யாரைத் தேற்றுவது என்றே தெரிவதில்லை.