பின்வாசல் பிட்டு

"குணபூசணி, வயது நாற்பத்தொன்று, விதவை. தொழில் இல்லை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாதவர்."

1943இல், ஜப்பானியர் ஆட்சியில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடிப் பதிவேட்டில் இப்படி எழுதியவர் வட்டாரத் தலைவர் வீரசிங்கம். ஜப்பானியர் வருமுன் ரயில்வே குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தகவல்தான் பிழை.

தொழில் இல்லாதவர்களை லோரியில் ஏற்றி, காட்டைத் திருத்திக் கிழங்கு நட அனுப்புவதாக உத்தரவு. குணபூசணிக்கு ஒரு வாரம் தவணை. ஏதோ தொழில் செய்கிறாள் என்று வாடிக்கைக்காரர் மூன்று பேர் சாட்சி சொன்னால் வீட்டிலேயே இருக்கலாம்.

கையில் காசில்லை. அரிசி யாரிடமும் இல்லை. ஊர் மரவள்ளிக்கிழங்கில் ஓடியது. அவளிடம் இருந்தது உரலும், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும். வீடுவீடாகப் போய்ச் சொன்னாள்:

"கிழங்கு உங்கட, விறகும் உங்கட. மாவாக்கிப் பிட்டு அவிச்சுத் தாறன். அஞ்சில ஒரு பங்கு எனக்கு. வாயில வைக்கேலாதெண்டால் அதுவும் வேண்டாம்."

இரண்டு நாள் முன்வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஈ, காக்கைகூட வரவில்லை. உத்தியோகக் குடும்பங்கள் பட்டினி கிடந்தாலும் கிழங்கும் கையுமாகத் தெருவில் நடக்கமாட்டா. அதே சாதிக் கௌரவத்தில் வளர்ந்தவளுக்கு அது மறந்துபோனதுதான் வேடிக்கை. மூன்றாம் நாள் முன்கதவைச் சாத்திப் பின்கதவைத் திறந்தாள். சேலைத் தலைப்புக்குள் ஒளிந்து பித்தளைச் சட்டிகள் வரிசையாக வந்தன.

ஏழாம் நாள் காலை வீரசிங்கம் வந்தார்.

"சாட்சி எங்கை அக்கா?"

"கேட்டுப் பாத்தன் தம்பி. இந்த வீட்டு வரிசையில ஒருத்தரும் கிழங்கே தின்னுறேல்லையாம்."

"அப்ப லோரிக்கு வெளிக்கிடுங்கோ."

"கொஞ்சம் பொறுங்கோ."

ஆள் வந்து எடுக்கக் காத்திருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எல்லாம் சீதனப் பாத்திரங்கள். பெண்ணின் பெயரை வெட்டாமல் எந்தத் தாயும் கொடுத்தனுப்புவதில்லை. வீரசிங்கம் வாசித்துக்கொண்டே வந்தார். முதல் மூன்று பெயர்களுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. நான்காவது பெயர் தங்கரத்தினம். அவருடைய மனைவி.

"உங்கட பிட்டு இன்னும் சூடு ஆறேல்லை," என்றாள் குணபூசணி. "நானே தெருவாலை, முன்வாசலாலை கொண்டுவந்து தரட்டோ?"

வீரசிங்கம் பேனாவைத் திறந்தார். "தொழில் இல்லை" என்பதை அடித்து, அழகான கையெழுத்தில் "உணவு தயாரிப்பவர்" என்று எழுதினார். போகும்போது சட்டியைப் பதிவேட்டால் மறைத்துக்கொண்டு பின்வாசலால் போனார்.

யுத்தம் முடியும்வரை குணபூசணி பதினேழு வீட்டுக் கிழங்கைப் பிட்டாக்கிக் கொடுத்தாள், லோரியில் ஏறவில்லை.