சராசரியில் சேராத அசனச் சோறு

ஒரு தரவுத்தளத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. யாரும் படிக்காத பக்கங்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். போன மழைக்காலத்தில் மொத்தம், எண்ணிக்கை, சராசரி போடும் சார்புகளின், அதாவது கணக்குக் கட்டளைகளின், பக்கத்தைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய பக்கத்தில் சராசரிக்கு ஒரே வரிதான்: மதிப்புகளின் சராசரியைத் தரும். எழுதியவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

உதாரணத்துக்கு எண்கள் வேண்டும். அம்மாவின் சர்க்கரை அளவுகள் கையில் இருந்தன. தாராவி வீட்டில் அவள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுவாள். நான் கணினியில் ஏற்றிச் சராசரி எடுத்துக் கொடுப்பேன். அந்த மாதச் சராசரி அருமை. இப்படி வந்தால் மாத்திரையைப் பாதியாக்கலாம் என்று சுனாபட்டியில் அவள் பார்க்கும் டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. சனிக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, சும்மா இருக்கட்டுமே என்று சராசரிக்குப் பக்கத்தில் எண்ணிக்கையையும் போட்டுப் பார்த்தேன். முப்பது நாளுக்குப் பத்தொன்பது அளவுகள். மீதியெல்லாம் வெற்றுக் கட்டங்கள். சராசரி அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. தேதிகளைப் பார்த்ததும் புரிந்தது. ஞாயிறுகள், கல்யாணங்கள், சர்ச்சில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடும் அசனம், மிச்சக் குழம்பைச் சூடாக்கிய மறுநாள்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் அசரவில்லை.

"அசனத்துல தின்னுட்டு வந்து பார்த்தா அது என் சுகராட்டி? அது அசனத்து சுகர்லா."

சிரித்துவிட்டேன். கூடவே பயமும் வந்தது. இந்தச் சராசரியை நம்பித்தானே மாத்திரை குறையப்போகிறது? போட்டுக் கொடுத்தவள் நான். குட்டு எனக்கும் சேர வேண்டியதுதான்.

அன்றே பக்கத்தை எழுதி முடித்தேன். வெற்று மதிப்புகளைச் சராசரி விட்டுவிடும். அவை பூஜ்யம் அல்ல. எத்தனை மதிப்புகள் சேர்ந்தன என்பதையும் கூடவே காட்டுங்கள். கீழே ஒரு பட்டியல், ஞாயிறுக்கு நேரே வெறும் கட்டம். மறுநாள் என் வற்புறுத்தலில் அம்மாவே டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள், பாதி இந்தியிலும் பாதி சிரிப்பிலும். மாத்திரை குறையவில்லை.

பக்கம் வெளியானதும் அவளுக்குக் காட்டினேன். தன் பெயர் இல்லையே என்று மட்டும் குறைப்பட்டாள். அடுத்த ஞாயிறு, கறிச்சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தானாகவே மெஷினை எடுத்து விரலைக் குத்திக்கொண்டாள்.

"இருநூத்தி நாப்பது. எழுதிக்கோட்டி."

அவளைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு மாதச் சராசரி மோசம். எண்ணிக்கை முப்பதுக்கு முப்பது.