பாரிஸ் போக மீன் சந்தையில் கிடைத்த புத்தி

அடுத்த கிழமை முதல் தடவையாகப் பாரிஸுக்குப் போகிறேன். தங்கச்சி வீட்டில்தான் தங்கல். ஆனால் பகலில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். தனியே வெளிக்கிடப் பயந்து, வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

இன்று காலை குருநகர்ச் சந்தையில் மீன் விற்கும் மேரியக்காவிடம் இதைச் சொன்னேன். போன வருடம் மகனிடம் போய் ஒரு மாதம் பாரிஸில் நின்றுவிட்டு வந்தவர் அவர்.

பாரை மீனை வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"வீட்டுக்கை இருக்கவோ ரீச்சர் அவ்வளவு தூரம் போறியள்?"

"பாஷை தெரியாதே, அக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமோ? முதல் நாளே ரயிலாலை பிழையான இடத்திலை இறங்கிப்போட்டன். நல்லகாலம், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஸ்டேசன்ரை பேர்ப்பலகையைப் போனிலை படம் எடுத்து வைச்சிருந்தன். ஒரு பிள்ளையிட்டைக் காட்டினன். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியான ரயிலிலை ஏத்திவிட்டுது."

பிறகு மீனை வெட்டியபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். கிழமைப் பயணச்சீட்டு எந்த நாளில் எடுத்தாலும் ஞாயிறோடு முடிந்துவிடும்; திங்கட்கிழமையே எடுத்தால்தான் முழுக் கிழமையும் ஓடலாம். தண்ணீர் வாங்கத் தேவையில்லை, குழாய்த் தண்ணீரையே போத்தலில் நிரப்பலாம்.

"முக்கியமா, விலையளை ரூபாயிலை மாத்திப் பாக்காதேங்கோ. நான் மாத்திப் பாத்து ரெண்டு நாள் தேத்தண்ணியே குடிக்கேல்லை."

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் அவளுடைய ஸ்டேசன் பெயர்ப்பலகையின் படத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன். தனியே சுற்றத்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் மேரியக்காவுக்கும் தெரியவில்லை. காசு கேட்காத கழிப்பறை எங்கே இருக்கிறது? பாரிஸில் இருக்கிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.